நூற்று எண்பது நாள் பீரோ

அந்த பீரோவைத் தேர்ந்தெடுத்தது நான்தான். பல்லடம் ரோட்டில் ஒரு கடையில் அரை நாள் நின்று, நாலைந்து பீரோக்களைத் திறந்து மூடிப் பார்த்து, கடைசியில் மயில்கழுத்து நிறத்தில் ஒன்றைக் காட்டினேன். இரண்டு கதவு, வலது கதவில் ஆளுயரக் கண்ணாடி, பித்தளை மாதிரித் தெரியும் கைப்பிடி. வீட்டுக்குங்களா என்று கடைக்காரர் கேட்டார். இல்லீங்க, கம்பெனிக்கு என்றேன். கம்பெனிக்குக் கண்ணாடி வைத்த பீரோ எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. பார்க்கிற ஒவ்வொருத்திக்கும் அதில் தன் முகம் தெரிய வேண்டும் என்பதுதான் என் யோசனை. அதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அப்போது நான் ஒரு செயலி நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் எட்டு வருஷம் பெங்களூரில் இருந்தேன். கடையில் பொருள் வாங்குகிறவர்களுக்குப் புள்ளிகள் கொடுப்பதும், அந்தப் புள்ளிகளை அவர்கள் சுலபத்தில் செலவழித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான் அங்கே எனக்கு வேலை. முதல் பாதியை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவது பாதியில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மூட்டை கட்டிக்கொண்டு, ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குத் திரும்பினேன். சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். செய்தேன்.

என் அம்மாவின் தம்பிக்கு அருள்புரத்தில் பனியன் கம்பெனி. "ஆர்டர் இருக்குது கண்ணு, ஆளுதான் நிக்கறதில்ல" என்பது அவருடைய அன்றாடப் பாட்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்குவார்கள், திங்கட்கிழமை பாதி நாற்காலி காலியாக இருக்கும். பக்கத்துக் கம்பெனியில் பத்து ரூபாய் கூட என்றால் அடுத்த வாரம் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஆளை நிற்க வைக்கிற வித்தை என் கையில் இருக்கிறது மாமா என்றேன். முதல் வாடிக்கையாளர் அவர்தான். அவரைக் காட்டி இன்னும் மூன்று கம்பெனிகளைப் பிடித்தேன். காதர்பேட்டையில் ஒரு பனியன் மொத்தக் கடையின் மாடியில் ஒரு அறை கிடைத்தது. கீழே வடக்கத்தி வியாபாரிகள் இந்தியில் விலை பேசிக்கொண்டிருப்பார்கள், மேலே நானும் என் கூட்டாளியும் புள்ளிகளை விற்றுக்கொண்டிருந்தோம்.

கூட்டாளி என்னோடு இன்ஜினியரிங் படித்தவன், தாராபுரத்துக்காரன். செயலியை எழுதியது அவன். கூடப் படித்தவளிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்போம்.

விதி எளிமையானது. காலை எட்டரை மணிக்குள் கேட்டில் ஒட்டியிருக்கும் தாளை செல்போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் புள்ளி, திங்கட்கிழமைக்கு இருபது. டிபன் பாக்ஸ், குடை, ரீசார்ஜ் என்று சின்னப் பரிசுகள் உண்டு. பெரிய பரிசு பீரோ. அதற்குப் புள்ளி மட்டும் போதாது. நூற்று எண்பது வேலை நாள் ஒன்றுகூட விடாமல் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் மறுபடி பூஜ்யம்.

கூட்டாளிக்கு இதில் பயம். நிறையப் பேர் எட்டிவிட்டால் எங்கே போவது என்று கேட்டான். யாரும் எட்டமாட்டார்கள் என்றேன். ஏன் என்று பலகையில் எழுதியே காட்டினேன். எங்கள் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள். அவர்கள் காய்ச்சலுக்கு லீவு போடமாட்டார்கள், கல்யாணத்துக்குக்கூட ஒரு வேளை போடாமல் இருப்பார்கள். ஆனால் ஊரில் ஒரு சாவு என்று போன் வந்துவிட்டால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார்கள். துட்டி கேட்கப் போகாதவள் வீட்டில் நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அவர்களுக்கு இருக்கிற சொந்தத்துக்கு, ஏழு மாதத்தில் ஒரு கிழவனோ கிழவியோ போகாமலா இருப்பார்கள்? காட்சிக்கு ஒரே ஒரு பீரோ போதும் என்று பலகையில் அடிக்கோடு போட்டேன்.

"சாவை நம்பி கம்பெனி நடத்தறாப்பல இருக்குதுங்க" என்றான்.

இன்சூரன்ஸ்காரன் வேறு எதை நம்பி நடத்துகிறான் என்று கேட்டேன். அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

தீபாவளி விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று, மாமாவின் கம்பெனி கேன்டீன் வாசலில் ரோஸ் ரிப்பன் கட்டி பீரோவை நிறுத்தினோம். நான் நினைத்தபடியே நடந்தது. போகிற வருகிற பெண்கள் எல்லாம் அதன் முன்னால் ஒரு நொடி நின்று, பொட்டைச் சரிசெய்துகொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் முகம் பார்க்கவில்லை. கட்டிங் வேஸ்ட்டில் கிடந்த நீளமான துணிக்கீற்று ஒன்றை எடுத்துவந்து பீரோவின் உயரத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டார். எதுக்குங்கம்மா என்று கேட்டேன். குட்டியானை வண்டியில் நிற்கிற வாக்கில் ஏறுமா, படுக்க வைக்க வேண்டுமா என்று பார்ப்பதாகச் சொன்னார்.

அவர் செக்கிங்கில் வேலை பார்த்தவர். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. சங்கரன்கோவில் பக்கம். நாற்பது வயதிருக்கும். கணவன் விட்டுப் போய்ப் பல வருஷம், பிள்ளை இல்லை. தங்கை குடும்பமும் அருள்புரத்திலேயே லைன் வீட்டில் இருந்தது. தங்கை மகள் அந்தப் புரட்டாசியில் வயதுக்கு வந்திருந்தாள்.

அந்த வாரம் அந்தம்மா கேன்டீனில் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பிறகு செய்ததற்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும். அவர்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர ஆள் இல்லை. சித்தப்பா மகன் ஒருவன், நான் செய்கிறேன் என்று முன்வந்திருந்தான். இவர்களுடைய அப்பாவின் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு பெண்களையும் வெளியே நிறுத்தியவன் அவன். அவன் கையால் என் பிள்ளைக்கு மாலை விழக்கூடாது, தாய்மாமன் இடத்தில் நானே நிற்பேன் என்று இவர் சொல்லியிருந்தார். பொம்பளை கொண்டுவருகிற சீர் சபையில் எடுபடுமா என்று சொந்தத்தில் கேட்டிருக்கிறார்கள். தட்டும் பழமுமாக வந்தால் எடுபடாது. வண்டியில் பீரோ வந்து இறங்கினால் எவனும் வாயைத் திறக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. நூற்று எண்பது நாளை எண்ணி, அதற்குப் பின்னால் வருகிற ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடித்துவிட்டார்கள். ஜோசியரைப் பார்த்து நாள் குறிப்பார்கள், மண்டபம் கிடைக்கிற நாளைப் பார்த்துக் குறிப்பார்கள். என் செயலியைப் பார்த்து முகூர்த்தம் குறித்த குடும்பம் அது ஒன்றுதான். நல்லா வருவீங்க என்று வாழ்த்தினேன்.

இரண்டாவது வாரமே கூட்டாளி ஒரு கோளாறைக் கண்டுபிடித்தான். டைம் ஆபீஸ் பலகையில் அன்றைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று சாக்பீஸால் எழுதுவார்கள். எங்கள் செயலியில் அதைவிட அதிகம் பேர் ஸ்கேன் செய்திருந்தார்கள். வராதவர்கள் எப்படி ஸ்கேன் செய்ய முடியும்? போய்ப் பார்த்தால் விஷயம் இதுதான். கம்பெனிக்குள் செல்போன் கூடாது, கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வொருத்தராக நின்று கொடுத்தால் லேட்டாகிவிடும். அதனால் செக்கிங் பெண்கள் பத்தொன்பது பேரும் வேனில் வரும்போதே போன்களை ஒரு பையில் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் மொத்தமாக ஒப்படைப்பார். இது எங்கள் செயலி வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். தாள் ஒட்டிய பிறகு, பையை ஒப்படைக்கிறவரே ஒவ்வொரு போனாக எடுத்து ஸ்கேனும் செய்துவிட்டு உள்ளே போனார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் நின்றவளின் போனும் பக்கத்து வீட்டுக்காரி கையில் வந்து பையில் ஏறியது. யாருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லை. ரேஷன் கடையில் ஒருத்தி வரிசையில் நின்று நாலு கார்டுக்குச் சர்க்கரை வாங்கி வருவதில்லையா?

பை அந்தம்மாவுடையது. அவரே தைத்தது, உள்ளே பத்தொன்பது சின்ன அறை. பத்தொன்பது போனின் பூட்டும் அவர் விரலுக்குத் தெரியும். தன் புருஷனிடம்கூடச் சொல்லாத பூட்டை அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

இதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றான் கூட்டாளி. நான் வேண்டாம் என்றேன். பெங்களூரில் முதலீடு செய்கிறவர்கள் இரண்டு பேர் எங்கள் எண்களை வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் நாள் தவறாமல் செயலியைத் திறக்கிறார்கள் என்று கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டில் பாதி ஒரு துணிப்பைக்குள்ளிருந்து வருகிறது என்று அவர்களிடம் சொல்ல நான் பைத்தியக்காரியா? ஒருமுறை நேரில் வந்தார்கள். பீரோ முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ரொம்பப் பிடித்திருக்கிறது, பரிசு வாங்கிய ஒருவரைக் காட்டுங்கள், அடுத்த கட்டம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பரிசு வாங்கப் போகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பையில் இருக்கிற போனுக்குக் காய்ச்சல் வராது, துட்டிக்கும் போகாது. ஆனி மாத நடுவில் கூட்டாளி என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பத்தொன்பது பேரும் நூற்று எழுபத்தைந்தில் நின்றார்கள். ஒரே நாளில், ஒரே பையிலிருந்து, பத்தொன்பது பீரோ. மற்ற கம்பெனிகளிலும் இதே கதைதான், கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வங்கிக் கணக்கில் அடுத்த மாத அறை வாடகைக்கே தடுமாற்றம். மாமாவிடம் போனேன்.

"ஆளு நிக்கறதுக்குத்தான் நான் காசு குடுக்கறன் கண்ணு. பீரோ உன்ற பாடு" என்றார். காப்பி கொடுத்துத்தான் சொன்னார்.

என் இரண்டு கை வளையலில் பத்தொன்பது பீரோ இருந்தது. இது எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. காரில் திரும்பும்போது வளையலைத் தொட்டும் பார்த்தேன். பிறகு, என் நகையை விற்று யாரோ வீட்டுச் சடங்குக்குச் சீர் செய்ய எனக்கு என்ன தலையெழுத்து என்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வேலை சுறுசுறுப்பாக ஓடும்.

கேட்டில் இருக்கிற கேமராவின் பதிவுகளையும், உள்ளே விரல் வைக்கிற மிஷினின் கணக்கையும் மாமாவிடம் கேட்டு வாங்கினேன். செயலி தொடங்கும்போது எவ்வளவோ கெஞ்சியும் தராத கணக்கை, பரிசைத் தடுப்பதற்கு என்றதும் அன்று மாலையே கொடுத்தனுப்பினார். அந்தம்மாவின் ஏழு மாதத்தில் ஒரே ஒரு நாளில் ஓட்டை இருந்தது. மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. அன்றைக்கு அவர் விரல் வைக்கவில்லை, அவருடைய போன் மட்டும் வந்திருந்தது. விசாரித்தேன். அவருடைய தாய்மாமன் ஊரில் இறந்துபோயிருந்தார். இவர் வயதுக்கு வந்தபோது சீர் கொண்டுவந்தவர். பையையும் தன் போனையும் பக்கத்து மேஜைக்காரியிடம் கொடுத்துவிட்டு, போன் இல்லாமல் ஊருக்குப் போய், எடுத்து முடிந்ததும் குளித்த ஈரத் தலையோடு பஸ் ஏறி வியாழக்கிழமை காலை வேலைக்கு வந்திருக்கிறார். நான் பலகையில் எழுதிய சாவு சரியாகத்தான் வந்திருந்தது. என் கணக்கு தப்பவில்லை என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நூற்று எழுபத்தொன்பதாவது நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், கேன்டீன் டிவியில் கேமரா பதிவைப் போட்டேன். அந்தம்மா கேட்டில் நின்று பையிலிருந்து ஒவ்வொரு போனாக எடுப்பது தெரிந்தது. பெண்கள் முதலில் சிரித்தார்கள். டிவியில் தங்கள் ஆளைப் பார்த்த சந்தோஷம். ஒருத்தி அவர் தோளில் தட்டி, அக்கா நீ சினிமாவுல வந்துட்ட என்றாள். நான் மைக்கை வாங்கினேன். இது மோசடி என்றேன். மாசி மாதப் புதன்கிழமையைச் சொன்னேன், அவர் எங்கே இருந்தார், அவர் போன் எங்கே இருந்தது என்றும் சொன்னேன். ஒருவர் போனை இன்னொருவர் ஸ்கேன் செய்தது விதிக்கு விரோதம், எனவே பத்தொன்பது பேர் கணக்கும் பூஜ்யம் என்று அறிவித்தேன்.

அந்தம்மா தட்டோடு எழுந்து நின்றார். மற்றவர்கள் பெரும்பாலும் ஒழுங்காக வந்தவர்கள், ஊருக்குப் போனது நான், என்னுடையதை மட்டும் அழித்துவிடுங்கள் என்றார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானுங்கம்மா" என்றேன்.

எனக்கு எதிராக ஒரு கூச்சல் வரும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். வரவில்லை. கூச்சல் அவர் பக்கம் போனது. உன் பையில் போட்டதால்தானே எங்களுக்கும் போனது என்று அன்று மாலை வேனிலேயே ஆரம்பித்துவிட்டார்களாம். மறுநாள் ஒவ்வொருத்தியும் தன் போனைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். பையில் அவருடைய ஒரு போன் மட்டும் இருந்தது. இதை வாட்ச்மேன் எனக்குச் சொன்னபோது, இனிமேல் எண்கள் சுத்தமாக இருக்கும் என்று கூட்டாளியிடம் சொன்னேன்.

சடங்குக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தம்மா காதர்பேட்டை அறைக்கு வந்தார். பனியன் மூட்டைகளுக்கு நடுவே படியேறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எனக்கு அது சொந்தமா வேண்டாம் மேடம். ஒரு நா மட்டும் குடுங்க. சபையில எறக்கிட்டு, மறுநா விடிஞ்சதும் நானே வண்டி ஏத்தி அனுப்பிருதேன். தங்கச்சிக்கு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. எனக்கு வந்தது யோசனை. பெங்களூர்க்காரர்கள் பரிசு வாங்கிய ஒருவரைக் கேட்டிருந்தார்கள். ஊர்வலம், மேளம், தாய்மாமன் சீர், வண்டியில் பீரோ. இதைவிட நல்ல படம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வண்டிக்கும் நானே ஏற்பாடு செய்கிறேன், எங்கள் செயலியின் பெயர் போட்ட பேனரை பீரோவின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்வோம், நீங்கள் கேமராவைப் பார்த்து ஒரு வரி சொன்னால் போதும் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கீழே போகிற சத்தம் நின்ற பிறகு, இது தப்புங்க என்றான் கூட்டாளி. சரி, நீ வர வேண்டாம் என்றேன். அவன் சடங்குக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அறைக்கும் வரவில்லை; தாராபுரத்துக்கே போய்விட்டான்.

மண்டபம் பல்லடம் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. ஊர்வலம் தெருமுனைப் பிள்ளையார் கோவிலிலிருந்து கிளம்பியது. முன்னால் மேளம், பிறகு பழத்தட்டு, இனிப்புத் தட்டு, வளையல் தட்டு, பட்டுப் பாவாடை தாவணி, அதற்குப் பின்னால் குட்டியானையில் நின்றவாக்கில் பீரோ. அந்தம்மா அளந்தது சரிதான், நிற்கிற வாக்கில் ஏறியது. மாலையோடு வண்டிக்கு முன்னால் அவர் நடந்தார். அரக்கு நிறப் பட்டு, தலை நிறைய மல்லிகை. தெருவில் இருந்தவர்கள் கண்ணாடியில் தங்கள் முகம் போவதைப் பார்த்தார்கள்.

மண்டப வாசலில் வண்டியை நிறுத்தி, நான் எழுதிக் கொடுத்த வரியைச் சொல்லச் சொன்னேன். நூத்தி எண்பது நாள் லீவே போடாமல் வேலைக்கு வந்தேன், அதற்கு இந்த பீரோ கிடைத்தது என்பதுதான் வரி. முதல் தடவை பாதியில் நின்றுவிட்டார். இரண்டாம் தடவை, சிரிங்கம்மா என்றேன். மூன்றாம் தடவை சரியாக வந்தது. கூட வேலை செய்கிறவர்களில் நாலைந்து பேர் பத்திரிகைக்கு மதித்து வந்திருந்தார்கள். அவர்கள் அந்த வரியைக் கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் பீரோவை இவள் மட்டும் வாங்கிக்கொண்டாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஒளிப்பதிவை நிறுத்தி விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை.

உள்ளே, மேடைக்குப் பக்கத்தில் பீரோவை இறக்கினார்கள். தாய்மாமன் இடத்தில் அந்தம்மா நின்றார். பெண்ணுக்கு மாலை போட்டார். சித்தப்பா மகன் முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தான். எவனும் வாயைத் திறக்கவில்லை. அவர் கணக்கும் தப்பவில்லை. பெண் சிறுசு, பதின்மூன்று வயது. புகைப்படம் முடிந்து மேடையிலிருந்து இறங்கியவள் நேராகப் போய் பீரோவைத் திறந்து, தட்டில் வந்தவற்றை எடுத்து உள்ளே அடுக்க ஆரம்பித்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வண்டியை நான் ஒரு நாளைக்குப் பேசியிருந்தேன். மறுநாள் காலை திரும்ப வருவதென்றால் இன்னொரு வாடகை. டிரைவர் வந்து, மூன்று மணிக்கு வேறு லோடு இருக்கிறது, இப்போதே ஏற்றினால் காதர்பேட்டையில் இறக்கிவிட்டுப் போகிறேன் என்றார். படம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட வேண்டும். ஏற்றிருங்க என்றேன்.

இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. நாலு ஆள் பீரோவைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவேதான் வெளியே போக முடியும். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். தங்கையின் மாமனார் எழுந்து, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். டிரைவருக்கு என்ன தெரியும்? ஆபீஸ் பீரோங்க, திரும்பக் கொண்டுபோகணும் என்று சொன்னார். சித்தப்பா மகன் சாப்பிட்டுக்கொண்டே, "வாடகை பீரோவா?" என்றான். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. சிரிப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போனது. கூட வேலை செய்கிற பெண்களும் சிரித்தார்கள். அவர்களுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது, அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

அந்தம்மா பரிமாறிக்கொண்டிருந்த சாம்பார் வாளியோடு என் அருகில் வந்து நின்றார். தாய்மாமன் இடத்துக்குப் போட்ட மாலை கழுத்தில் இன்னும் இருந்தது.

"எல எடுக்குற மட்டுமாவது பொறுத்திருக்கலாம் மேடம்" என்றார்.

வண்டி வாடகை ஏறுதுங்கம்மா என்றேன். வேறு எதுவும் எனக்கு வாயில் வரவில்லை என்பது உண்மையில்லை. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. அவர் திரும்பிப் போய், நின்றுபோன இலையிலிருந்து மறுபடி பரிமாற ஆரம்பித்தார். நான் காரை எடுத்தேன்.

அந்தப் படம் பெங்களூரில் எல்லாருக்கும் பிடித்தது. மேளச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, கடைசியில் அவர் சிரிப்பதோடு முடித்திருந்தேன். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலீடு வந்தது. செயலி அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகின, நானும் மூடிவிட்டு, கம்பெனிகளுக்கு நூல் பிடித்துக் கொடுக்கிற யார்ன் கமிஷனில் உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா சடங்குக்கு மறுவாரமே வேலையை விட்டுவிட்டதாக மாமா சொன்னார். தங்கை வீட்டோடும் பேச்சு இல்லையாம். அடுத்தடுத்த நல்லது கெட்டதுக்கு சித்தப்பா மகன்தான் முன்னால் நின்றானாம். ஆளு நிக்கறதுக்குத்தான் உன்ற ஆப், நல்ல செக்கரு ஒண்ணு போச்சு என்று மாமா குத்திக்காட்டினார்.

பீரோவை அறையில் இறக்கிய அன்று திறந்து பார்க்கவில்லை. பேனர் வைக்கலாம் என்று மறுவாரம் திறந்தபோது கீழ்த்தட்டில் அந்தப் பெண் அடுக்கியது எல்லாம் இருந்தது. பட்டுப் பாவாடை தாவணி, கண்ணாடி வளையல் இரண்டு டஜன், ஸ்டிக்கர் பொட்டு அட்டை, மடித்த நோட்டுத் தாளில் சுற்றிய கொலுசு. சீர்த்தட்டில் வந்த அத்தனையும். பீரோவோடு அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். அந்தம்மாவின் நம்பர் எங்கள் செயலியில் இருந்தது. கூப்பிட்டால் கொடுக்கப் போக வேண்டும், போனால் அந்த லைன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நாளைக்குக் கூப்பிடலாம் என்று கதவைச் சாத்தினேன். அவர்களும் கேட்டு வரவில்லை. எடுத்துக்கொண்டு போனவளிடம் எதைக் கேட்பது என்று விட்டிருப்பார்கள்.

அறையைக் காலி செய்தபோது பீரோவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. வயதுக்கு வந்துவிட்டாள், போன மாதம் அவளுக்குத் தெரட்டிச் சீர் செய்தோம். என் தம்பி இருபத்தொரு தட்டோடு வந்தான். விருந்தாளிகள் போன பிறகு, வந்த துணிமணியை எங்கே வைப்பது என்று அவள் அந்த பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தாள். தாவணியை எடுத்து விரித்துப் பார்த்தாள், தன் மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள்.

"இது யாருதுங்கம்மா? புதுசாவே இருக்குது" என்றாள்.

"சாம்பிள் பீஸ் சாமி. எடுத்த இடத்துலயே வெச்சிரு" என்றேன்.